இரண்டு நெகட்டிவ்

1. குக்கர்

பிரஷர் குக்கர் ஒன்று வாங்கி வரச் சொல்லி எங்கள் பேத்தாலஜி டாக்டர் என்னைக் கடைக்கு அனுப்பினார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரியின் ஹிஸ்டோ லேப்பில் நான் டெக்னீஷியன். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஃபார்மலினில் ஊறி வரும் சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றிச் சாயம் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. அதை ஸ்கோப்பில் பார்த்து நோயின் பெயரைச் சொல்வது டாக்டரின் வேலை. நடுவில் குக்கருக்கு என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை. சீனரான அந்த டாக்டர் சிரிக்காமல், விசில் நன்றாக வருகிறதா என்று பார்த்து வாங்கு பாரு, அது உங்கள் வீட்டுச் சாமான்தானே என்றார். பார்வதி என்ற என் பெயர் லேப்பில் எல்லோருக்கும் பாருதான்.

மார்பகப் புற்றுநோய்க்கான ஈஆர் சோதனையை அப்போதுதான் எங்கள் லேப்பிலேயே செய்யத் தொடங்கியிருந்தோம். அதற்கு முன்பெல்லாம் துண்டை கோலாலம்பூருக்கு, எங்கள் பேச்சில் கேஎல்லுக்கு, அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்போம். ஈஆர் என்றால் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர். புற்றுநோய் செல்லுக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வந்து உட்காரும் நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாற்காலியைச் செய்யும் ஜீன் விழித்துக்கொண்டு வேலை பார்த்தால் நாற்காலி இருக்கும். ஜீன் அடங்கிக் கிடந்தால் இருக்காது. இருந்தால், தினம் ஒரு மாத்திரை கொடுத்து ஹார்மோன் அங்கே உட்காராமல் மறித்துவிடலாம். இல்லாவிட்டால் அந்த மாத்திரையைக் கொடுத்துப் பயனில்லை. நோய் திரும்பி வரும் அபாயமும் பொதுவாகக் கூடுதல். அப்படிப்பட்டவர்களுக்குக் கீமோதெரப்பி, நம் ஆட்கள் பேச்சில் ‘ஊசி’, போட வேண்டியிருக்கும்.

இப்போது ஒரே துண்டில் பல ஜீன்களின் வேலையை ஒன்றாக அளந்து, யாருக்கு எவ்வளவு அபாயம் என்று கணக்குப் போடுகிறார்கள். புது லேப் பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பாதிதான் புரிகிறது. எங்களுக்கு அன்று இருந்தது அந்த ஒரு ஜீன், அதற்கு ஒரு சாட்சி. அந்தச் சாட்சி பழுப்பு நிறம்.

ஃபார்மலினில் கிடந்த சதை இறுகிப்போயிருக்கும். ஸ்லைடுகளைச் சிட்ரேட் கரைசலில் நிறுத்தி குக்கரில் வேகவைத்தால்தான் உள்ளே இருப்பது வெளியே தெரியும். பிறகு ஆன்டிபாடி, பிறகு சாயம். ரிசெப்டர் இருந்தால் செல்லின் நடுப்பகுதி பழுப்பாக மாறும். இல்லையென்றால் வெறும் நீலம். பழுப்பு வரும் என்று முன்பே தெரிந்த ஒரு பழைய துண்டையும் ஒவ்வொரு தடவையும் கூடவே வேகவைப்போம். அதன் பெயர் கன்ட்ரோல். அதுவும் நீலமாக வந்துவிட்டால் கோளாறு நம் கையில்தான் என்று அர்த்தம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

குக்கர் சத்தம் போட ஆரம்பித்ததும் பக்கத்து மேசை ரொஹானா தலையைத் தூக்குவாள்.

“காக் பாரு, ஹரி இனி மாசாக் அப்பா?”

இன்றைக்கு என்ன சமையல் அக்கா என்று கேட்கிறாள். உனக்கில்லை, போய் வேலையைப் பார் என்பேன். அந்த லேப்பில் நாங்கள் நிறையச் சிரித்தோம். சிரிக்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது.

2. சீக்கிரம் வந்தவள்

ரப்பர் தோட்டத்துப் பெண்களின் கட்டிகள் எங்களிடம் தாமதமாகத்தான் வரும். மார்பைத் திறந்து தோட்டத்து ஆஸ்பத்திரி டிரேசரிடம் காட்டக் கூச்சம். மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துக் கட்டிப் பார்ப்பார்கள். புண்ணாகி வாடை எடுத்த பிறகு மருமகளோ மகளோ சண்டை போட்டுக் கூட்டி வருவார்கள். அந்தத் துண்டுகளைச் சீவும்போது எனக்குக் கோபம் கோபமாக வரும். யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

லெட்சுமி அப்படி வந்தவள் இல்லை. பாயா ரும்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பில் இரண்டு லோரோங், அதாவது இரண்டு சந்து, தள்ளி அவள் வீடு. அவள் பிறந்த தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். பால்மரம் வெட்டிய குடும்பம் அப்படியே டவுன் பக்கம் வந்து சேர்ந்தது. ஆயர் குரோவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் அவளுக்கு வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் நாள் முழுதும் ஸ்கோப்பில் குனிந்து சிப் பார்க்க வேண்டும். கீறல், ஓட்டை, கம்பி விட்டுப்போனது எதுவாக இருந்தாலும் ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும்.

“நீங்களும் ஸ்கோப்பு, நானும் ஸ்கோப்பு” என்பாள். “ஆனா நீங்க ரிஜெக்ட் பண்ணா ஆளுங்க அழுவாங்க. நான் ரிஜெக்ட் பண்ணா சூப்பர்வைசர்தான் அழுவான்.”

வாய் அதிகம் அவளுக்கு. எனக்கும் அதிகம். அதனால் ஒத்துப்போனது.

அவள் புருஷன் கணேசன் மணல் லோரி ஓட்டுபவர். அதிகம் பேசமாட்டார். என்னை அக்கா என்பார். லோரி முன்கண்ணாடியில் மாரியம்மன் படம், அதன் கீழே லெட்சுமியின் பாஸ்போர்ட் சைஸ் படம். “சாமிக்கு மேல வைக்கலாம்னு பாத்தாரு, நான்தான் அடிச்சிக் கீழ வைக்கச் சொன்னேன்” என்று லெட்சுமி பீற்றிக்கொள்வாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் என் வீட்டு கேட்டில் வந்து நின்றாள்.

“அக்கா, ரிஜெக்ட் ஒண்ணு மாட்டியிருக்கு.”

“என்னடி?”

“குளிக்கிறப்ப கையில தட்டுப்பட்டுச்சி. பட்டாணி சைஸ்தான். வலி இல்ல. வலி இல்லாததுதான் மோசம்னு நீங்க ஒருவாட்டி சொன்னீங்க இல்ல?”

மறுநாள் காலை என்னோடு அழைத்துப்போய் சர்ஜிக்கல் கிளினிக்கில் உட்காரவைத்தேன். கட்டியில் ஊசி குத்திப் பார்த்தார்கள், பிறகு ஆபரேஷன். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பக் கட்டம். வார்டில் அவளைப் பார்க்கப் போனபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது என்று சொன்னால் நீங்கள் தப்பாக நினைக்கக்கூடாது. புண்ணாகி வந்தவர்களையே பார்த்த கண்களுக்குப் பட்டாணி அளவில் வந்தவள் ஒரு திருவிழா.

பக்கத்துக் கட்டிலில் தங்கா பத்துவைச் சேர்ந்த சரோஜா. ஸ்கூல் கேண்டீனில் சமைப்பவர். அவருக்குக் கட்டி பெரிது, அக்குளுக்கும் பரவியிருந்தது. அதே வாரம் ஆபரேஷன். லெட்சுமி தன் ஆர்லிக்ஸில் பாதியை அந்த அக்காவுக்குக் கொடுத்து, சாப்பிடுங்க சாப்பிடுங்க என்று மிரட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேருடைய துண்டுகளும் என் குக்கருக்குத்தான் வந்திருக்கும். லேப்பில் எங்கள் கைக்கு வருவது எண் மட்டும். பெயரெல்லாம் ரிசெப்ஷன் மேசையோடு நின்றுவிடும். பேஷண்டிடம் நாங்கள் ரிசல்ட் பேசக்கூடாது, அது டாக்டரின் பொறுப்பு. எந்த எண் லெட்சுமி என்று நான் தேடவில்லை. நல்ல கட்டத்தில் வந்திருக்கிறாள், நல்ல கைகளில் இருக்கிறாள், என் வேலை முடிந்தது என்று இருந்தேன்.

3. பொங்கல்

ரிசல்ட் சொன்ன அன்று கிளினிக்கில் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். கணேசனும் சரோஜாவும் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

லெட்சுமிக்குப் புண் கட்டு மாற்ற உள்ளே கூட்டிப்போயிருந்தார்கள். டாக்டர் அறையில் கணேசன் மட்டும் இருந்தார். வெளியே பெஞ்சு நிரம்பி வழிந்தது. டாக்டர் சின்ன வயசு, அவசரத்தில் இருந்தார், ஆனால் மரியாதையாகத்தான் பேசினார். மலாயில் சொன்னார். நெறிக்கட்டி நெகட்டிவ், ரிசெப்டரும் நெகட்டிவ், கோலாலம்பூருக்கு எழுதித் தருகிறேன், இந்தத் தேதியில் போங்கள், அங்கே கீமோதெரப்பி பற்றிப் பேசுவார்கள்.

சொன்னதில் ஒரு பொய் இல்லை. முதல் நெகட்டிவ் நல்ல சேதி. கட்டி அக்குளுக்குப் போகவில்லை என்று அர்த்தம். இரண்டாவது நெகட்டிவ் கெட்ட சேதி. நாற்காலி இல்லை, மாத்திரைக்கு வேலை இல்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் ஒரே சொல்.

கணேசனுக்கு அந்தச் சொல் புதிதல்ல. அவர் சிறுவனாக இருந்தபோது தோட்டத்தில் அவருடைய அப்பாவுக்குக் காசநோய். சளி நெகட்டிவ் என்று வந்த அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்டார்கள். லோரி கம்பெனியில் போதைப்பொருளுக்காக மூத்திர டெஸ்ட் எடுப்பார்கள். நெகட்டிவ் என்றால் சாவியைக் கையில் கொடுப்பார்கள், பாசிட்டிவ் என்றால் போலீஸ். அவர் வாழ்க்கையில் நெகட்டிவ் என்ற சொல் வந்தபோதெல்லாம் யாரோ ஒருவர் விடுதலையாகி வீட்டுக்கு வந்திருக்கிறார். அன்று ஒன்றுக்கு இரண்டாக வந்தது. எழுந்து நின்று, “தெரிமா காசே டாக்டர், தெரிமா காசே” என்று இரண்டு கையாலும் டாக்டரின் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்கிறார். நன்றி சொல்கிறவருக்குப் புரிந்துவிட்டது என்று அந்த டாக்டர் நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அடுத்து உள்ளே போன சரோஜாவுக்கு இரண்டும் பாசிட்டிவ். அவர் வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். லெட்சுமி புதுக் கட்டோடு அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அழாதீங்கக்கா, மாத்திரை குடுத்திருக்காங்க இல்ல, சரியாயிடும் என்று சமாதானம் சொல்லியிருக்கிறாள். தனக்கு மட்டும் நெகட்டிவ் வந்ததில் அவளுக்குக் கூச்சமாகக்கூட இருந்ததாம்.

ஆடி மாதம் தாமான் கோயிலில் கணேசன் பொங்கல் வைத்தார். ஆபரேஷன் அன்று வேண்டிக்கொண்டதாம். அவரே அடுப்பு மூட்டி, அவரே கிண்டி, யாரையும் கரண்டி தொடவிடவில்லை. மத்தியானம் ஒரு தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். லெட்சுமி பச்சைப் புடவையில் இருந்தாள், கொஞ்சம் பூசினாற்போல்கூட இருந்தாள். அவள் தலை நிறைய மல்லிகையைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஊசி போட்டவர்களுக்கு அவ்வளவு முடி இருக்காது. ஆனால் எல்லோருக்கும் ஊசி தேவைப்படாது என்பதால் நான் அதை நினைக்கவில்லை. ஒரு வாய் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன்.

“மாத்திரையெல்லாம் ஒத்துக்குதா?”

“என்ன மாத்திரைக்கா?” என்றாள் லெட்சுமி.

“மாத்திரை இல்லன்னா ஊசியா? கேஎல் போய் வர்றீங்களா?”

கணேசன் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“அதுலாம் வேணாங்கா. தேதி ஒண்ணு குடுத்தாங்க, நான்தான் போகல. அது பாசிட்டிவ்காரங்களுக்கு லா. நம்மளுக்கு ரெண்டும் நெகட்டிவ்.”

வாயில் இருந்த பொங்கலை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஈஆர் நெகட்டிவ் என்றால் என்ன என்று இந்தத் தெருவிலேயே தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். இரண்டாவது நெகட்டிவ் வேறு ஏதாவதாக இருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. சோதனை பார்க்காமல் வாயைத் திறப்பது தப்பு. “நல்லா இருக்கு தம்பி, நெய் மணக்குது” என்று மட்டும் சொன்னேன்.

4. நீல ஸ்லைடு

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக எங்கள் லேப் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எண்ணைத் தேடி எடுத்தார். லெட்சுமியின் ஸ்லைடை ஸ்கோப்பில் வைத்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். நீலம். ஒரு மூலையில்கூடப் பழுப்பு இல்லை. கன்ட்ரோல் நல்ல கோப்பி நிறத்தில் இருந்தது, அதைக் குறை சொல்ல வழியில்லை.

மறுபடியும் செய்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். தேவையில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செய் என்றார். கிளினிக்குக்கு அவரே போன் போட்டு, கோலாலம்பூரில் அவசரமாகப் புதுத் தேதி வாங்கச் சொன்னார்.

நான் மெழுகுக் கட்டியை எடுத்துப் புதிதாகச் சீவி, குக்கரை ஏற்றினேன். சத்தம் வந்தது. ரொஹானா வழக்கம்போல் தலையைத் தூக்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள். பழுப்பு வரட்டும் தாயே, பாசிட்டிவ் வரட்டும் என்று கும்பிட்டுக்கொண்டு நின்றேன். ஒரு பெண்ணுக்குப் பாசிட்டிவ் வர வேண்டும் என்று கோயிலுக்கு நேர்ந்துகொண்ட ஆள் மலாக்காவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீலம்தான் வந்தது.

புதுத் தேதியைச் சொல்ல மறுநாள் லெட்சுமியைக் கிளினிக்குக்கு வரவழைத்தார்கள். கணேசன் லோரியோடு ஜொகூர் பக்கம் போயிருந்தார். சர்ஜன் அவளுக்கு விளக்கினார், இந்த முறை உட்காரவைத்து நிதானமாக. வெளியே வந்து நேராக லேப் கதவைத் தட்டினாள்.

“அக்கா, நான் பாக்கணும்.”

“என்னத்த?”

“என்னோடத. நாள் பூரா ஸ்கோப்புலதான ஒக்காந்திருக்கேன். காட்டுங்க.”

பேஷண்டை லேப்புக்குள் விடக்கூடாது. விட்டேன். மேலிடத்துக்குத் தெரிந்திருந்தால் என் வேலை போயிருக்கும், அதைப் பற்றி எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. முதலில் கன்ட்ரோலை வைத்தேன். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்ணை லென்ஸுக்குச் சரியான தூரத்தில் வைத்து, ஃபோகஸைத் திருகினாள்.

“பழுப்பு பழுப்பா புள்ளி.”

“ஆமா. அதுல ரிசெப்டர் இருக்கு. மாத்திர போய் ஒக்கார எடம் இருக்கு.”

பிறகு அவளுடையதை வைத்தேன். வெகுநேரம் பார்த்தாள். ஸ்லைடை மெல்ல நகர்த்தி, மூலை மூலையாக, ஃபேக்டரியில் சிப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். ஏதாவது ஒரு பழுப்புப் புள்ளி கிடைக்குமா என்றுதான் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் முந்திய நாள் அப்படித்தான் தேடினேன்.

“அழகாத்தான்கா இருக்கு” என்றாள் கடைசியில். “பார்டர் இல்லாத நீலப் பொடவ.”

தலையைத் தூக்கியபோது கண்ணில் தண்ணீர் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தாள்.

“அவருக்குத் தெரியக்கூடாதுக்கா.”

“எப்பிடிடி? ஊசி போடணும், முடி கொட்டும்.”

“ஊசி போடறது தெரியலாம். திரும்பி வராம இருக்க எக்ஸ்ட்ராவா போடறாங்கன்னு சொல்லிக்கறேன். நெகட்டிவ் கெட்டதுன்னு தெரியக்கூடாது. அந்தச் சொல்ல வச்சி அவரு பொங்க வச்சாரு. தேதிய அவருதான் வேணாம்னாரு. தெரிஞ்சா லோரிய எங்கனாச்சும் கொண்டுபோயி மோதிடுவாருக்கா. சத்தியம் பண்ணுங்க.”

ஃபார்மலின் வாடையடிக்கும் கையை அவள் கையில் வைத்துச் சத்தியம் செய்தேன்.

5. இரண்டாவது ஆடி

ஊசி போட்டார்கள். கணேசன் லீவு போட்டு அவளைக் கோலாலம்பூருக்கு அழைத்துப்போய் வந்தார். முடி கொட்டியது, வாய் புண்ணானது, சோற்று வாசனை பிடிக்காமல் போனது. ஃபேக்டரியில் லேசான வேலைக்கு மாற்றினார்கள், பிறகு நின்றுவிட்டாள். கொஞ்ச காலம் நன்றாக இருந்தாள். முடி சுருட்டையாக முளைத்தது. பர்மிங் செய்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அடுத்த ஆடியிலும் கணேசன் பொங்கல் வைத்தார். அப்போதே அவளுக்கு இருமல் இருந்தது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் என் முகத்தைப் பார்த்தாள். கணேசன் வாழையிலையில் வைத்துக் கொடுத்த பொங்கலைச் சிரித்துக்கொண்டே முழுவதும் சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

நுரையீரலுக்குப் போயிருந்தது. தீபாவளிக்கு முன்பே போய்விட்டாள்.

6. கருமாதி அன்று

கருமாதி முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கலைந்துகொண்டிருந்தார்கள். சரோஜாவும் வந்திருந்தார், பாத்திரமெல்லாம் அவர்தான் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு, தெம்பாக, அண்டாவைத் தனியாகத் தூக்கிக் கவிழ்த்தார். கணேசன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மொட்டைத் தலையோடு கணேசனைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு என்னிடம் வந்தார்.

“அக்கா, லெட்சுமி கடைசியில ஒண்ணு சொன்னா. நெகட்டிவ் பத்தி பாரு அக்காகிட்ட மட்டும் கேக்காதீங்க, அவங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு சொன்னா.”

நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

“அதான் ஒங்ககிட்ட கேக்கறேன். அந்த நெகட்டிவ் நல்லதா, கெட்டதா?”

செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. ஆனால் அவள் அவரிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போனபோதே அந்தச் சத்தியத்திலிருந்து என்னை அவிழ்த்துவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

“ஒண்ணு நல்லது தம்பி. அக்குளுக்குப் போகலன்னு அர்த்தம்.”

“இன்னொண்ணு?”

“இன்னொண்ணு நல்லது இல்ல. மாத்திர வேல செய்யாதுன்னு அர்த்தம். ஆனா ஒடனே போயிருந்தாலும் பொழச்சிருப்பாளான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒங்க மனசத் தேத்தறதுக்காக நான் சொல்லல. எத்தனையோ பேருக்கு நாங்க பாத்திருக்கோம்.”

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“மொத பொங்கலுக்கு அடுத்த வாரத்துலேருந்து.”

அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார்.

“அடுத்த வருசமும் வச்சேனேக்கா. கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்டாளே.”

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். சரோஜா கை ஈரத்தோடு வந்து, என்ன ஏது என்று கேட்காமல், அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே பேசினார்.

“எனக்கு நெகட்டிவ் கிகட்டிவ்னுலாம் சொல்லியிருக்க வேணாங்கா. ‘மாத்திர கேக்காது, ஊசி போடணும், கேஎல் போ’ன்னு சொல்லியிருந்தா போதும். லோரியப் போட்டுட்டு அன்னிக்கே தூக்கிட்டுப் போயிருப்பேன்.”

இந்த வாக்கியத்தைத்தான் நான் மறுவாரம் கிளினிக் சிஸ்டரிடம் கொண்டுபோனேன். எங்கள் லேப் டாக்டரும் எனக்காகப் பேசினார். அதன் பிறகு, தமிழ்ப் பெண் யாருக்காவது நீல ஸ்லைடு வந்தால், சர்ஜன் சொல்லி முடித்ததும் லேப்புக்குப் போன் வரும். நான் கையைக் கழுவிக்கொண்டு போவேன். ரிட்டயர் ஆகும்வரை போனேன். நெகட்டிவ் என்ற சொல்லை அந்த அறைக்குள் நான் எடுத்துப்போனதே இல்லை. மாத்திரை கேட்காது, ஊசி போட வேண்டும், கேஎல் போக வேண்டும் என்று கணேசன் சொன்ன அதே வரிசையில் சொல்வேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். சொன்னதைக் கேட்டு அவர்கள் அழுதால் பக்கத்தில் உட்காருங்கள், சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. எழுந்து நின்று தெரிமா காசே என்று கையைப் பிடித்தால் விட்டுவிடாதீர்கள். உட்காரவைத்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்லுங்கள்.